கறிக்கோழிப் பண்ணையில் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக எதைக் கொடுப்பது?

பல்லடம் பகுதியில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. குஞ்சு இறங்கிய முதல் வாரத்தில் தண்ணீரிலும், அதன் பிறகு தீவனத்திலும் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பழகிவிட்ட பண்ணையில் இப்போது அதைக் குறைக்கச் சொல்கிறார்கள். புரோபயாடிக் எனும் நல்ல பாக்டீரியா, அமிலம், மூலிகை என்று ஆளுக்கொன்றைப் பரிந்துரைக்கிறார்கள். இவற்றில் எதைக் கொடுத்தால் இறப்பும் கூடாமல் எடையும் குறையாமல் பேட்ச் முடியும்?

தனியாக எந்த ஒரு பொருளும் அந்த இடத்தை நிரப்பாது என்பதே நேரான பதில். இதைக் கேட்டதும் பலருக்கு மாற்று வழிகளின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது, அது தேவையில்லை. ஆன்டிபயாடிக் இதுவரை பண்ணையில் எந்தெந்தக் குறைகளை மறைத்துக்கொண்டிருந்தது என்று பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு குறைக்கும் பொருத்தமான வழி இருக்கிறது. அந்தக் குறை எது என்று பாராமல் டப்பாவை மட்டும் மாற்றும்போதுதான் மாற்று வழிகள் தோற்கின்றன.

கோழிப் பண்ணையில் இந்த மருந்துகள் மூன்று வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்பட்டு வந்தன. முதலாவது, வளர்ச்சி ஊக்கி. 1950ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு எஞ்சும் நொதிப்புக் கழிவைத் தீவனத்தில் சேர்த்தபோது குஞ்சுகள் கூடுதலாக வளர்வதைக் கண்டார்கள். அதிலிருந்து, நோய் தீர்க்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவில் ஆன்டிபயாடிக்கைத் தினமும் தீவனத்தில் கலப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. இரண்டாவது, நோய் வருமுன் காப்பாகக் கொடுப்பது. குஞ்சு இறங்கிய மூன்று நாட்கள், தடுப்பூசி போட்ட பிறகு, மழை தொடங்கும்போது என்று நாள் பார்த்துக் கொடுக்கும் மருந்துகள் எல்லாம் இவ்வகை. மூன்றாவது, நோய் கண்டுவிட்ட மந்தைக்குச் செய்யும் சிகிச்சை. முதல் இரண்டையும் கைவிட முடியும், கைவிடவும் வேண்டும். மூன்றாவதற்கு ஆன்டிபயாடிக் இன்னமும் தேவை. அது நமக்கு வேலை செய்ய வேண்டுமானால் முதல் இரண்டிலும் அதை வீணடிக்காமல் இருக்க வேண்டும்.

இது முன்பே செய்து பார்க்கப்பட்ட காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். சுவீடன் 1986இல் வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாடிக்குகளைத் தடை செய்தது. டென்மார்க்கின் கறிக்கோழித் தொழில் 1998 பிப்ரவரியில் தானே முன்வந்து அவற்றை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை வந்தது. டென்மார்க்கின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் ஏறத்தாழ 16 கிராம் மட்டுமே கூடியிருந்தது. இறப்பு விகிதம் கூடவில்லை. ஆனால் இந்தச் செய்தியை அரைகுறையாகச் சொல்வது பண்ணையாளர்களை ஏமாற்றுவதாகும். அங்கே குளிர்ப் பிரதேசத்துக்கேற்ற, காற்றோட்டம் கட்டுப்படுத்தப்பட்ட மூடிய கொட்டகைகள் இருந்தன, ஒரே வயதுக் கோழிகளை மட்டும் ஏற்றி ஒரே சமயத்தில் இறக்கும் முறை இருந்தது, குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காகத் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசின் தொடர்ந்து இருந்தது. இந்தச் சாலினோமைசின் குடலில் உள்ள கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கக்கூடியது. ஆகவே, வளர்ச்சி ஊக்கியை எடுத்ததும் வெளிப்பட்டிருக்க வேண்டிய சிக்கலில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொண்டது.

நிறுத்தியே ஆக வேண்டிய காரணம் பண்ணைக்கு வெளியேயும் இருக்கிறது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத கட்டத்தில் மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றிகளிலும் இறைச்சியிலும் மனிதர்களிலும் கிடைத்த ஈ.கோலை பாக்டீரியாக்களில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்த மரபணு பிளாஸ்மிடின் மேல் இருந்ததுதான் உலகைத் திடுக்கிட வைத்தது. ஏனென்றால் பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொரு பாக்டீரியாவுக்கு நேரடியாகத் தாவக்கூடிய மரபணுத் துண்டு. இந்தியாவில் கோழித் தீவனத்தில் தாராளமாகப் புழங்கிய கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. அமெரிக்காவில், கேம்பைலோபாக்டர் பாக்டீரியாவில் எதிர்ப்புத் திறன் பெருகியதால் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுக்கும் அனுமதியை 2005லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். நம் பண்ணைகளில் அதே மருந்து இன்றும் குஞ்சு இறங்கும் நாளின் சடங்காக இருப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

இனி, எந்த நோய்க்கு என்ன மாற்று என்ற இடத்துக்கு வருகிறேன். பாக்டீரியா நோய்கள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் கறிக்கோழியில் முக்கியமாக மூன்று வகைப் பகை இருக்கின்றன: குடலில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ், மூச்சு வழியாகவும் தொப்புள் வழியாகவும் உள்ளே போகும் ஈ.கோலை, தாய்க்கோழியிலிருந்தும் தீவனத்திலிருந்தும் வரும் சால்மோனெல்லா. மூன்றும் வெவ்வேறு வாசல்களில் நுழைவதால் மாற்றும் ஒன்றாக இருக்க முடியாது.

வளர்ச்சி ஊக்கியை எடுத்ததும் முதலில் தலைதூக்குவது கிளாஸ்ட்ரிடியம்தான். அது உண்டாக்கும் நெக்ரோட்டிக் என்டரைடிஸ் நோயில் சிறுகுடலின் உள்சுவர் அழுகி, அறுத்துப் பார்த்தால் அழுக்குத் துண்டின் சொரசொரப்போடு பழுப்பும் மஞ்சளுமாகப் படலம் தெரியும். கடுமையாக வந்தால் இரண்டாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையில் திடீர் இறப்பு. மிதமாக வந்தால் இறப்பே இல்லாமல் எடை மட்டும் நின்றுபோகும். பின்னதுதான் பண்ணையாளருக்குப் பெரிய நட்டம், ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. இந்தப் பாக்டீரியா ஆரோக்கியமான கோழியின் குடலிலும் இருக்கிறது. நெட்-பி என்ற நச்சை உண்டாக்கும் வகைகளே நோய் தருபவை என்பது 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. அந்த வகைகூடத் தானாக நோயைக் கொண்டுவருவது அரிது. அதற்கு முன் குடலில் ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. அது குடல் செல்களைத் துளைத்து உடைக்கும்போது ரத்தத்தின் புரதம் குடலுக்குள் கசிகிறது. கிளாஸ்ட்ரிடியத்துக்குத் தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் பல உண்டு. கசியும் புரதத்தில் அவை எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. ஆகவே குடல் நோய்க்கு மாற்று தேடுகிறவர் முதலில் ரத்தக்கழிச்சல் தடுப்பைச் சரிபார்க்க வேண்டும். ஒரே தடுப்பு மருந்தை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் தீவனத்தில் போட்டுவந்தால் ஐமீரியா அதற்குப் பழகிவிடும். மருந்துகளைச் சுழற்சியில் மாற்றுவதும், இடையில் சில பேட்சுகளுக்கு உயிருள்ள ரத்தக்கழிச்சல் தடுப்பூசியைப் பொரிப்பகத்திலேயே தெளித்து அனுப்புவதும் நல்ல வழிகள். மொனென்சின், சாலினோமைசின், நராசின் போன்ற, அயனோஃபோர் எனப்படும் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளை ஐரோப்பா ஒட்டுண்ணித் தடுப்பாகவும் அமெரிக்கா ஆன்டிபயாடிக்காகவும் கணக்கு வைக்கின்றன. இவற்றை மனித மருத்துவத்தில் பயன்படுத்துவதில்லை என்பதால், மாறும் காலத்தில் இவற்றை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நார்வேயின் கறிக்கோழித் தொழில் நராசினையும் 2016க்குள் கைவிட்டது உண்மைதான். அந்த நிலையை முதல் ஆண்டிலேயே எட்ட நினைப்பது நம் கொட்டகைகளுக்குப் பொருந்தாது.

அடுத்த காரணம் தீவனத்தில் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் கீழே இறங்கும் புரதம் கிளாஸ்ட்ரிடியத்தின் உணவு. கருவாட்டுத் தூள் அதிகமாகப் போனாலும், சோயாப் புண்ணாக்கு சரியாக வறுபடாமல் அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் எஞ்சியிருந்தாலும், பழைய எண்ணெய் சிக்கு வாடை அடித்திருந்தாலும் இதுதான் நடக்கும். கோதுமை, பார்லி உண்ணும் ஐரோப்பியக் கோழிகளுக்கு அவற்றிலுள்ள பிசுபிசுப்பான நார்ச்சத்து பெரிய தொல்லை; நம்முடையது பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மக்காச்சோளம் விலை ஏறும்போது குருணை, கம்பு, எண்ணெய் எடுத்த தவிடு, கோதுமை என்று மாற்றித் திணிக்கும் மாதங்களில் குடல் நோய் கூடுவதைக் கவனித்தால் காரணம் புரியும். லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து மொத்தப் புரதத்தை ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைப்பது, சைலனேஸ், ஃபைட்டேஸ், புரோட்டியேஸ் நொதிகளைச் சேர்ப்பது ஆகிய இரண்டும் குடல் நோய்க்கு நேரடியான மாற்று வழிகள். மருந்துக் கடையில் கிடைக்காதவை என்பதால் இவற்றை யாரும் மாற்று என்று அழைப்பதில்லை. நான் இவற்றைத்தான் முதலில் வைப்பேன்.

ரத்தக்கழிச்சல் தடுப்பும் தீவனமும் சரியான பிறகு புரோபயாடிக் தன் வேலையைக் காட்டும். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை வித்து நிலையில் இருப்பதால் தீவனத்தை உருளைத் துண்டுகளாக்கும் பெல்லட் இயந்திரத்தின் சூட்டைத் தாங்குகின்றன; குடலில் முளைத்துக் கிளாஸ்ட்ரிடியத்தை அடக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. லாக்டோபேசில்லஸ் வகைகள் அந்தச் சூட்டைத் தாங்காது. அவற்றைக் குஞ்சு நிலையில் தண்ணீரிலோ பொரிப்பகத் தெளிப்பிலோதான் கொடுக்க முடியும். பாக்கெட்டில் இன்ன இனம், இன்ன எண்ணிக்கை, இன்ன தேதி வரை உயிரோடிருக்கும் என்று எழுதியிராத புரோபயாடிக்கை வாங்க வேண்டாம். ஒரே இனத்துக்குள்ளும் ஒரு வகை வேலை செய்யும், அடுத்தது செய்யாது. குளோரின் கலந்த தண்ணீரிலேயே புரோபயாடிக்கைக் கலப்பதும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் அதே நாளில் அதையும் சேர்த்துக் கொடுப்பதும் நான் பண்ணைகளில் அடிக்கடி காணும் வீண்செலவு. கலக்கிய வாளியிலேயே அது செத்துவிடுகிறது.

பியூட்ரிக் அமிலமும் குடலுக்கு உதவும். பெருங்குடல் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அதை உண்டாக்குகின்றன. வெறும் உப்பாகக் கொடுத்தால் இரைப்பை தாண்டுவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால், கொழுப்புப் பூச்சு இட்டதோ கிளிசரைடாக இணைத்ததோ வேண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதியளவு இருக்கும் லாரிக் அமிலமும், அதிலிருந்து கிடைக்கும் மோனோலாரினும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற, கிராம்-பாசிட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்களைத் தாக்கக்கூடியவை. ஈ.கோலையின் மேல் அவற்றுக்கு அந்த வலு இல்லை. எந்தப் பகைக்கு எந்த ஆயுதம் என்று தெரியாமல் வாங்கினால் இங்கேதான் ஏமாற்றம் வரும்.

ஈ.கோலையின் கதை வேறு. நம் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் அதிகம் செலவாவது இதற்குத்தான். செத்த கோழியை அறுத்தால் இதயத்தைச் சுற்றியும் கல்லீரலின் மேலும் வெண்மஞ்சள் படலம், காற்றுப்பைகளில் தயிர் போன்ற கட்டி. இதற்குக் குடல் சார்ந்த பொருள்கள் பெரிதாக உதவுவதில்லை, ஏனென்றால் ஈ.கோலை பெரும்பாலும் தூசியோடு மூச்சுக்குழலில் நுழைகிறது. மூச்சுக்குழலின் உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நுண்மயிர்களை முடக்குபவை எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு, மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா, ஐ.பி. எனப்படும் மூச்சுக்குழல் வைரஸ், ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோயின் தடுப்பூசிக்குப் பின் வரும் கடும் எதிர்வினை ஆகியவை. இவற்றில் ஏதாவது ஒன்று முன்னே வந்து கதவைத் திறக்காமல் ஈ.கோலை கூட்டமாக உள்ளே போவது குறைவு.

அம்மோனியாவைப் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு, அதாவது 20 பி.பி.எம்.முக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். கொட்டகைக்குள் நாள் முழுதும் இருப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடுவதால், வெளியாள் ஒருவர் உள்ளே வந்து கண் எரிகிறது என்றால் அதை நம்ப வேண்டும். குளிர் மாதங்களில் குஞ்சுக்குச் சூடு போய்விடும் என்று படுதாவை அடியிலிருந்து உச்சி வரை இழுத்துக் கட்டிவிடுகிறோம். தரையில் பரப்பியிருக்கும் கூளத்தின் ஈரமும் அம்மோனியாவும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கின்றன. படுதாவின் மேல்பகுதியில் ஓரடி இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். குறையும் சூட்டைக் குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் புரூடரில் ஈடுகட்ட வேண்டும். விறகோ எரிவாயுவோ கூடுதலாகச் செலவாகும், ஆனால் அந்தச் செலவு மருந்துச் செலவைவிடக் குறைவு. தேங்காய் நார்க்கழிவு நன்றாக ஈரம் உறிஞ்சும் கூளம். அதனாலேயே ஈரம் ஏறியது வெளியே தெரியாமல் உள்ளே தேங்கும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திக் கையை விரித்தால் உருண்டையாகவே நிற்கக்கூடாது, லேசாக ஒட்டி உதிர வேண்டும்; அது ஏறக்குறைய 20 முதல் 25 சதவீத ஈரம். கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசையின் கீழே கட்டி பிடித்த கூளத்தைத் தினமும் வாரி வெளியே போடாமல், கிளறிவிட்டு அங்கேயே விடுவதால் ஈரம் பரவத்தான் செய்யும்.

ஈ.கோலையின் இரண்டாவது வாசல் தொப்புள். முதல் வாரத்தில் வயிறு உப்பி, தொப்புள் கறுத்து, மஞ்சள் கரு உறிஞ்சாமல் நாற்றமடித்துச் சாகும் குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்தே நோயோடு வந்தவை. தரையில் இட்ட முட்டையும் எச்சம் பட்ட முட்டையும் அடைக்கு வைக்கப்பட்டால் இது தவிர்க்க முடியாதது. முதல் மூன்று நாள் மருந்து கொடுக்கும் வழக்கம் பிறந்ததே இந்தக் குஞ்சுகளுக்காகத்தான். ஆனால் உறிஞ்சாத மஞ்சள் கருவுக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அதற்கு மாற்று, கழிவுக் குஞ்சை ஏற்க மறுப்பதும், நல்ல குஞ்சுக்குச் சரியான தொடக்கம் தருவதும்தான். குஞ்சு இறங்குவதற்கு முன்பே கூளத்தின் மேற்பரப்பு 30 முதல் 32 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். காற்று சூடாகவும் தரை குளிர்ந்தும் இருந்தால் குஞ்சு தீவனத்துக்குப் போகாமல் ஒடுங்கி நிற்கும். இறங்கி 24 மணி நேரம் கழித்து நூறு குஞ்சுகளின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். குறைந்தது 95 குஞ்சுகளின் பையாவது மென்மையாக, தீவனமும் தண்ணீரும் கலந்து நிறைந்திருக்க வேண்டும். குடலில் தீவனம் இறங்கினால்தான் மஞ்சள் கரு விரைவில் உறிஞ்சப்படும், தாய் தந்த நோய் எதிர்ப்பொருள் உடலில் சேரும்.

மூன்றாவது வாசலான தண்ணீரைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொங்குப் பகுதியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் மாற்று இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் இங்கே பல இடங்களில் உப்பும் கடினமும் காரத்தன்மையும் கொண்டது. அதில் குளோரின் போடுகிறோம். ஆனால் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம், தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதியளவுதான் இருக்கும், பி.எச். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வாசனை வருகிறது, கிருமி சாவதில்லை. முதலில் அமிலம் சேர்த்துப் பி.எச்.ஐ 6க்கும் 6.5க்கும் இடையில் கொண்டுவந்து, பிறகு குளோரின் சேர்த்தால் அதே குளோரின் பல மடங்கு வேலை செய்யும். அமிலத்தையும் குளோரினையும் செறிந்த நிலையில் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். தனித்தனித் தொட்டியிலோ தனித்தனி மருந்து செலுத்தியிலோ சேர்க்க வேண்டும். கடைசி நிப்பிளிலிருந்து பிடித்த தண்ணீரில் கட்டற்ற குளோரின் 3 பி.பி.எம். அளவு காட்ட வேண்டும். தலைத் தொட்டியில் அளந்து திருப்தியடைவதில் பயன் இல்லை, ஏனென்றால் குழாயின் உள்ளே படிந்திருக்கும் வழுவழுப்பான உயிர்ப்படலம் வழியிலேயே குளோரினைத் தின்றுவிடும்.

அந்தப் படலம் வளர்வதற்கு நாமே உணவு தருகிறோம். வைட்டமின், வெல்லம், எலெக்ட்ரோலைட், ஆன்டிபயாடிக் கரைசல் என்று குழாயில் விடும் ஒவ்வொன்றின் எச்சமும் பாக்டீரியாவுக்குத் தீனி. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும், கோழி இல்லாத நேரத்தில், நிலைப்படுத்திய ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் குழாய் முழுக்க நிரப்பி, ஓர் இரவு நிறுத்தி, மறுநாள் வேகமான நீரோட்டத்தில் அலசி வெளியேற்ற வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகு உயிருள்ள தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரினை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பொடி கலந்து கொடுக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் தடுப்பூசி வைரஸே செத்துப்போகும்.

ஃபார்மிக், புரோப்பியானிக், லாக்டிக் அமிலக் கலவைகளை மாற்று மருந்தாக விற்கிறார்கள். அவை நல்லவை, ஆனால் அவற்றின் பெரும்பங்கு வேலை தண்ணீரிலும் தீவனத்திலும் இரைப்பையிலும் முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் கலந்துவிட்ட ஈ.கோலையை எந்த அமிலமும் விரட்டாது. பி.எச். 4க்கும் கீழே இறக்கினால் கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அதோடு தீவனமும் குறையும். கோடையில் இது ஆபத்து.

சால்மோனெல்லாவில்தான் மாற்று வழிகளின் மிகத் தெளிவான வெற்றிகள் இருக்கின்றன. 1971இல் பின்லாந்தில் கறிக்கோழிகள் வழியாகச் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் மனிதர்களிடையே பரவியபோது, நூர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள். வளர்ந்த கோழியைத் தாக்க இலட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்படும்போது, ஒரு நாள் குஞ்சுக்கு மட்டும் மிகச் சில கிருமிகள் ஏன் போதுமானவையாக இருக்கின்றன? பொரிப்பகக் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்தைக் கொத்திக் குடலை நிரப்பிக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு இல்லை. ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் பொருளை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்ததும் அவை சால்மோனெல்லாவை எதிர்த்து நின்றன. 1973இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் இன்றைய புரோபயாடிக் சிந்தனை கோழித் தொழிலில் வேரூன்றியது. குஞ்சு இறங்கிய முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுப்பதன் உண்மையான தீமையும் இதில் தெரிகிறது; இன்னும் குடியேறாத நல்ல பாக்டீரியாக்களின் இடத்தையே நாம் காலி செய்து வைக்கிறோம்.

பிரிட்டனில் 1998இல் தொடங்கிய சிங்க முத்திரை முட்டைத் திட்டம், முட்டைக்கோழிகளுக்குச் சால்மோனெல்லா என்டரைடிடிஸ் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மனிதர்களிடம் அந்நோய் பெருமளவு குறைந்து, கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அந்த முத்திரையுள்ள முட்டையை அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2017இல் அறிவிக்கும் நிலை வந்தது. நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளை வருத்தும், சால்மோனெல்லாவால் வரும் கோழி டைஃபாய்டுக்கு 9ஆர் என்ற உயிருள்ள தடுப்பூசி 1950களிலிருந்தே உலகில் இருக்கிறது. தாய்க்கோழிகளின் ஒரு சொட்டு ரத்தத்தைத் தட்டில் சோதித்து, நோய் தாங்கிகளைக் கழித்துவிடும் பழைய முறையும் எந்த மருந்தையும்விடப் பலன் தரும். ஈஸ்ட் செல் சுவரிலிருந்து எடுக்கும் மன்னான் சர்க்கரையும் இங்கே உதவும், சால்மோனெல்லாவும் ஈ.கோலையும் குடல் சுவரைப் பற்றிக்கொள்ள நீட்டும் நுண்ணிழைகள் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுகின்றன.

மூலிகைகளைப் பற்றிக் கேட்டவர் ஆவலோடு கேட்டிருக்கிறார். ஐரோப்பாவில் ஆரிகானோ செடியின் எண்ணெய் கோழித் தீவனத்தில் அதிகம் சேர்க்கப்படுகிறது. அதன் வலிமை கார்வக்ரால், தைமால் என்ற இரு பொருள்களில் இருக்கிறது. தைமால் நம் ஓமத்திலேயே தாராளமாக உண்டு. இவை பாக்டீரியாவின் மேலுறையைக் குலைக்கின்றன, செரிமானச் சுரப்புகளைத் தூண்டுகின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி, வேப்பிலை ஆகியவை சேர்ந்த கலவைகளைப் புறக்கடைக் கோழி வளர்ப்போருக்குக் கற்றுத் தருகிறது. வீட்டில் இருபது கோழி வைத்திருப்பவருக்கு அது பொருந்தும் வழி. பத்தாயிரம் கோழிக்கு அதையே அரைத்துக் கலக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே வீரியம் கிடைப்பதில்லை. மண், பருவம், காயவைத்த விதம் எல்லாம் மாறும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவைக் கொன்ற அளவு, கோழியின் குடலில் கீழ்ப்பகுதி வரை போய்ச் சேர்வதும் இல்லை. ஆகவே செயல்படும் பொருள் இவ்வளவு என்று அளந்து, சூட்டில் ஆவியாகாதபடி பூச்சிட்ட தயாரிப்பாக இருந்தால் மட்டும், குடல் ஆரோக்கியத்துக்குத் துணையாக நான் பரிந்துரைப்பேன். மூலிகை என்ற சொல்லை மட்டும் அச்சிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத புட்டிகளை ஒதுக்கிவிட வேண்டும்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ்களைப் பற்றியும் இப்போது அதிகம் பேசப்படுகிறது. அது புதிய யோசனை இல்லை. ஃபேஜ்களுக்குப் பெயரிட்ட ஃபெலிக்ஸ் தெரேல் 1919இலேயே பிரான்சில் கோழி டைஃபாய்டுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஃபேஜ் குறிப்பிட்ட சில பாக்டீரியா வகைகளை மட்டும் கொல்லும் என்பது அதன் சிறப்பும் அதன் எல்லையும் ஆகும். உணவுப் பொருளின் மேல் லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிக்க அமெரிக்கா 2006இல் அனுமதி தந்தது. பண்ணையாளர் இன்று அதை நம்பித் திட்டமிட முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் நோய் வரும் பேட்ச் இருக்கும். அப்போது கோழியை மருந்தின்றிச் சாகவிடுவது கொடுமை; சிகிச்சை செய்யத்தான் வேண்டும். ஆனால் புதிதாகச் செத்த நான்கைந்து கோழிகளை உடனே கால்நடை மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற ஆய்வக வசதியுள்ள இடத்திலோ அறுத்துப் பார்த்து, பாக்டீரியாவை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சோதித்த பிறகு கொடுக்க வேண்டும். அந்த நாளின் மொத்த உயிர் எடைக்கு அளவு கணக்கிட்டு, சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுத்து, இறைச்சிக்கு அனுப்பும் முன், மருந்து உடலைவிட்டு நீங்குவதற்கான விலக்குக் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். நோயை ஒரு நாள் முன்னதாகவே காட்டிக்கொடுப்பது தண்ணீர் மீட்டர். தினமும் ஒரே நேரத்தில் குறித்துவந்தால், முந்தைய நாளைவிடத் தண்ணீர் குறைந்த அன்றே கொட்டகைக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தப் பண்ணையாளரின் கையில் எல்லாம் இல்லை என்பதை நான் அறிவேன். குஞ்சும் தீவனமும் தடுப்பூசியும் கம்பெனி தருபவை. தீவனத்தின் புரத அளவையோ தாய்க்கோழியின் மைக்கோபிளாஸ்மா நிலையையோ அவர் மாற்ற முடியாது. ஆன்டிபயாடிக்கைக் குறைக்கச் சொல்லும் கம்பெனி, முதல் வார இறப்புக்குக் காரணம் குஞ்சா பராமரிப்பா என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாட்டையும் தர வேண்டும். மாறும் காலத்து நட்டத்தை வளர்ப்புக் கூலியில் மட்டும் கழிப்பது நியாயமில்லை. பண்ணையாளர் தன் பங்குக்குக் கேட்க வேண்டியவை உண்டு: தீவனத்தில் இப்போது எந்த ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து போகிறது, எத்தனை பேட்சாக மாற்றப்படவில்லை, குஞ்சு எந்தத் தாய்க்கோழி மந்தையிலிருந்து வந்தது, அதன் வயது என்ன என்பவை. இவற்றை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தன் கையில் இருப்பதை அவர் இந்த வரிசையில் தொடங்கலாம். அடுத்த பேட்சுக்கு முன் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை, பாக்டீரியா எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதித்து, குழாயைச் சுத்தம் செய்து, அமிலமும் குளோரினும் சேர்க்கும் ஏற்பாட்டை அமைப்பது முதல் வேலை. பேட்சுகளுக்கு இடையில் கொட்டகையை இரண்டு வாரமாவது காலியாக விடுவதும், கோடையில் கோழி எண்ணிக்கையைக் குறைத்து ஏற்றுவதும் அடுத்தவை. வெயிலில் மூச்சிரைக்கும் கோழியின் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அதன் சுவர் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். இவை நடந்த பிறகு முதல் வார மருந்தை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் முதல் மூன்று நாள் குளோரின் இல்லாத சுத்தமான தண்ணீரில் லாக்டோபேசில்லஸ் கொடுக்கலாம். எல்லாக் கொட்டகையிலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு கொட்டகையில் மட்டும் முதலில் செய்து, முதல் வார இறப்பு, ஏழாம் நாள் எடை, தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீவனம்) ஆகியவற்றைப் பக்கத்துக் கொட்டகையோடு மூன்று பேட்ச் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு விரிவாக்குவது பாதுகாப்பானது.